கரையில் நின்ற படகு

வழிகாட்டுவோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். ‘போகலாம்’ என்று சொல்வோர் மிகுதி; ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லத் துணிவோர் சிலரே. அச்சிலருள் ஒருவரை அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த ஊரூர் குப்பத்தில் கண்டோம்.

அறுபதைக் கடந்த மீனவர் அவர். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. வலைத்தொழில் போக, தூண்டில் போட விரும்பும் மயிலாப்பூர், தியாகராய நகர் அன்பர்களை விடியலில் கடலுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. ஓராண்டு ஆவணி முதல் கார்த்திகை வரை, ஓய்வு கிடைத்த திங்கட்கிழமைகளில், நம் பங்கு இளைஞர் நால்வரோடு நாமும் அவருடன் சென்றோம்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் மீனைப் பிடிப்போர், நீரின்மேல் பறக்கும் பூச்சியைக் கவனித்து, அதன் சாயலில் இறகைத் தூண்டில் முள்ளில் கட்டுவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன் அது. நம் பெரியவரும் வஞ்சிரத்துக்காக வெள்ளை இழைகளை முள்ளில் கட்டி, படகு நகர நகர நீரில் இழுத்து வருவார். ஆனால் இரு இடத்தாருக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: மீனைத் தேடுமுன் பருவத்தைப் பார்க்க வேண்டும்.

ஆவணியில் விடியற்காலை மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எதிர்கொண்டு வரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாடையும் கொண்டலும் அரசாளும். நீரோட்டமும் தெற்கு நோக்கித் திரும்பும். நீரோட்டத்தை மீனவர் ‘வெள்ளம்’ என்பர். காற்று ஒரு திசையிலும் வெள்ளம் அதற்கு எதிராகவும் சென்றால், அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். சிறு படகுக்கு அது ஆகாது. இவ்வறிவு குப்பத்தின் பொதுச்சொத்து. அவ்வூர் மீனவர் பாளையம் அவர்கள் காற்றையும் வெள்ளத்தையும் அன்றாடம் குறித்து வைத்தது வெளியுலகமும் அறிந்த செய்தி.

இரு பருவங்களும் கைமாறும் நாள்களே கடினமானவை. அத்தகைய ஒரு திங்களன்று, இருள் பிரியுமுன் கரைக்குச் சென்றோம். நால்வருள் ஒருவன் தியாகராய நகரில் ஜவுளிக்கடை ஊழியன். தீபாவளி விற்பனைக்கு நடுவே கெஞ்சிப் பெற்ற ஒரே நாள் விடுப்பு அது. பெரியவர் முழங்கால் அளவு நீரில் இறங்கி நெடுநேரம் நின்றார். பின் திரும்பி வந்தார்.

“இன்னிக்கு வேணாம், சாமி.”

“வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஐயா? புயல் எச்சரிக்கையும் இல்லையே?”

“வானம் தெளிவாத்தான் இருக்குது. தண்ணி சரியில்ல.”

எரிபொருளுக்கென்று முன்பே கொடுத்த பணத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் திருப்பித் தந்தார். அன்று மாலைவரை கடல் குளம்போல் கிடந்தது. அக்கம்பக்கத்துப் படகுகள் போய் மீனோடு திரும்பின. ஜவுளிக்கடை இளைஞன் வழிநெடுக வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பெரியவரிடம் இதைச் சற்றே குத்தலாகச் சொன்னோம். அவர் வருந்தவும் இல்லை; வாதாடவும் இல்லை. “அன்னிக்குக் கடல் ஒண்ணும் பண்ணல, சரிதான். நாளைக்கும் தண்ணி அப்படியே இருந்தா இதையேதான் சொல்லுவேன். நான் தனியாப் போறதா இருந்தாப் போயிருப்பேன். நீச்சல் தெரியாத அஞ்சு பேர இல்ல கூட்டிட்டுப் போறேன்?”

அச்சொல்லை அன்று நாம் முழுமையாக வாங்கிக்கொள்ளவில்லை.

கார்த்திகை முடியும் வேளையில் அவ்விளைஞன் நம் இல்லத்துக்கு வந்தான். வெளிநாட்டு வேலைக்கு முகவர் ஒருவர் பணம் கேட்கிறாராம். தாயின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று நம்மைக் கேட்டான். ரசீது உண்டா என்றோம். பிறகு தருவதாகச் சொன்னாராம். நம் மனத்துக்கு அது சரியாகப் படவில்லை. ஆயினும் அவன் முகத்தில் இருந்த ஒளியை அணைக்க நமக்கு மனம் வரவில்லை. ஒருவேளை நல்லபடியாக அமைந்துவிட்டால், தடுத்த பழி நம்மீது நிற்குமே என்ற அச்சமும் உள்ளூர இருந்தது. “முயன்று பார், நல்லதே நடக்கும்” என்றோம்.

வேலையும் வரவில்லை; பணமும் திரும்பவில்லை. அவன் நம்மைக் குறை கூறவே இல்லை. “நீங்கள் என்ன செய்வீர்கள், சாமி” என்றுதான் சொன்னான். நம்மை மிகவும் வருத்தியது அதுவே.

குப்பத்துக்குச் சென்று பெரியவரிடம் இதைச் சொன்னோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார்: “தண்ணி சரியில்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, சாமி?”

“தெரிந்தது.”

அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று கரையில் நின்ற படகால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. நம் நன்மதிப்பும் சிறிது போயிற்று. அவ்விழப்பை அறிந்தே அவர் ‘வேண்டாம்’ என்றார். நாமோ நம் நன்மதிப்பைக் காத்துக்கொண்டு, ஒரு தாயின் சங்கிலியை இழக்க விட்டோம். கல்வி கற்றவர் நாம்தான், வழிகாட்டியவர் அவர்.

அடகுக்கடையிலிருந்து அச்சங்கிலியை மீட்கும் பொறுப்பில் பாதியை நாம் ஏற்றிருக்கிறோம். அவ்விளைஞன் இன்றும் திங்கட்கிழமைகளில் வருகிறான். பெரியவர் நீரில் இறங்கி நிற்கும்போது, இப்போது நாம் இருவரும் பேசாமல் காத்திருக்கிறோம்.