லாரி 17, 17, 17, 17

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். ரோட்டில் எண்ணிய வண்டிகளை வைத்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை போகின்றன என்று மாடல் போடுகிறாயே, அதைப் பற்றித்தான். "எண்ணின எல்லா இடத்துலயும் மாடல் அப்படியே பொருந்திடுச்சு சித்தப்பா, புராஜெக்ட் முடிஞ்ச மாதிரிதான்" என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பொருந்தியதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு தாள் எடு. சென்னைப் பக்கமிருந்து 100 வண்டி வருகிறது. திண்டிவனத்தில் இன்னொரு 100 சேர்கிறது. நடுவில் விழுப்புரத்தைக் கணக்குக்காக மறந்துவிடு. உளுந்தூர்பேட்டையில் 100 திருச்சிக்கு நேரே போகிறது, 100 சேலத்துக்குத் திரும்புகிறது. நாலு இடத்திலும் ஆள் நிறுத்தி எண்ணியாகிவிட்டது. இப்போது சொல், சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனவை எத்தனை? 100 என்றாலும் பொருந்தும், 10 என்றாலும் பொருந்தும், ஒன்றுமே இல்லை என்றாலும் பொருந்தும். எண்ணுகிறவன் கண்ணுக்கு வண்டிதான் தெரியும், அது கிளம்பிய ஊர் தெரியாது. 50 ஊர் என்று வந்தால் 2,450 ஜோடி. அத்தனைக்கும் எண்ணுமிடம் வைக்க யாரால் முடியும்?

வான் சைலன், வில்லும்சென் இருவரும் 1980-இல் எழுதிய கட்டுரை உனக்குப் பாடத்தில் இருக்கும். பொருந்துகிற விடைகளில் எது அதிக வழிகளில் அமையக்கூடியதோ அதை எடு என்றார்கள். என் கணக்கில் அது ஐம்பது ஐம்பதாகப் பிரித்துவிடும். வேறொன்றும் தெரியாதவன் சொல்லக்கூடிய நியாயமான பதில், அவ்வளவுதான். பழைய ஓ.டி. மேட்ரிக்ஸ் (எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பயணம் என்ற அட்டவணை) ஒன்றைக் கொடுத்தால் அதை ஒட்டியே விடை வரும். நீ கொடுத்தது எந்த வருஷத்தது, யார் ரோட்டில் நின்று கேட்டது என்று பார்த்தாயா?

சென்னையிலிருந்து சேலம் போகிறவன் எல்லாம் உளுந்தூர்பேட்டை வழியாகத்தான் போவான் என்றும் இல்லை. வேலூர், கிருஷ்ணகிரி வழியாகவும் போகிறான். அந்தப் பங்கைத் தப்பாகப் போட்டால், எண்ணிக்கையைச் சரிக்கட்ட மாடல் இல்லாத பயணத்தை எல்லாம் உண்டாக்கிவிடும்.

எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதே. கல்லூரி முடித்த வருஷம் நான் தினக்கூலிக்கு வண்டி எண்ணப் போனேன். கால் மணிக்கு ஒரு கட்டம். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தால் மணி நாலு. முந்தைய கட்டத்தைப் பார்த்து, லாரி 17, 17, 17, 17 என்று நிரப்பிவிட்டேன். சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லாரிக்காரன் எல்லாம் உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் வந்தானா?" மறுநாள் ராத்திரி மறுபடி எண்ணினேன், கூலியில்லாமல்.

ஒன்று செய். பழைய மேட்ரிக்ஸை வேண்டுமென்றே கலைத்துக் கொடுத்து இன்னொரு தடவை ஓட்டு. எண்ணிக்கை பொருந்தியபடியே விடை மட்டும் எவ்வளவு ஆடுகிறது என்று பார். டோல்கேட்டுகளின் ஃபாஸ்டாக் பதிவு கிடைக்குமா என்று உன் சாரிடம் கேள். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம் என்பதால், ஒரே வண்டி பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் பதிவாகும். டூவீலர் அதில் அகப்படாது. எங்கள் காலத்தில் போலீஸ்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "எங்கேருந்து வர்றீங்க, எங்கே போறீங்க" என்று கேட்டுத்தான் எழுதினோம். பாதிப் பேர் முறைப்பார்கள்.

விடை எவ்வளவு ஆடியது என்று எழுது. எண்ணிய நாட்களில் முகூர்த்த நாள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று காலண்டரையும் ஒரு தடவை பார்த்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா