அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை

திங்கள்

வெவ்வேறு நாட்டு நகரங்கள் இரண்டு உடன்படிக்கை போட்டு உறவு கொண்டாடுவதை அமெரிக்கர்கள் ‘சிஸ்டர் சிட்டி’ என்கிறார்கள். சீனர்களின் அலுவல் ஏட்டில் அது ‘யோஹாவ் செங்ஷி’, அதாவது நட்பு நகரம். காரணம் நமக்குச் சட்டென்று விளங்கும். தமிழைப் போலவே சீன மொழியிலும் உடன்பிறந்தவள் என்றதும் அக்காவா தங்கையா என்ற கேள்வி வந்து நிற்கும். மூத்தவர் யாரென்று முடிவாகாமல் உறவுமுறை சொல்ல முடியாது. நாம் ‘சகோதர நகரம்’ என்று ஒரு வடசொல்லைப் போட்டுத் தப்பித்துக்கொண்டோம். 1956-ல் அதிபர் ஐசனோவர் தொடங்கிவைத்த இயக்கம் இது. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வேர்பிடிக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தூதரக உறவு ஏற்பட்ட அதே ஆண்டு நவம்பரில் நான்ஜிங்கும் செயின்ட் லூயிஸும் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டே ஷாங்காயும் சான் பிரான்சிஸ்கோவும். இன்று மாநிலங்களும் நகரங்களுமாக 200 ஜோடிகளுக்கு மேல் உண்டு. இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் பெருகிவிட்டார்கள். சில மாநிலங்களில் தடைச் சட்டம் வரை பேச்சு போயிருக்கிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருசேர, மேயர்கள் கைகுலுக்கும் புகைப்படங்களிலேயே பதிலைத் தேடுகிறார்கள். பதில் அங்கே இல்லை என்பது என் கட்சி.

செவ்வாய்

முதல் ஆட்சேபம்: இத்தனை ஜோடிகள் இருந்தும் இரு நாடுகளும் முறைத்துக்கொண்டுதானே நிற்கின்றன? இதற்கு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. ஐயோவாவும் ஹபெய் மாகாணமும் 1983 முதல் சகோதர மாநிலங்கள். அந்தத் தொடர்பில்தான் 1985-ல் ஹபெயின் ஜெங்டிங் வட்டாரத்துக் கட்சிச் செயலாளர் ஒருவர் வேளாண்மையைப் பார்த்துப்போக வந்தார். மிசிசிப்பிக் கரையில் மஸ்கடீன் என்ற சிற்றூரில், கல்லூரிக்குப் போய்விட்ட பையன்களின் அறையில் படுத்துத் தூங்கினார். அவர் பெயர் ஷி ஜின்பிங். 2012-ல் துணை அதிபராக அதே ஊருக்குத் திரும்பி வந்து பழைய முகங்களோடு தேநீர் குடித்தார். 1985-ல் ஐயோவாவின் ஆளுநராக இருந்த டெரி பிரான்ஸ்டட், 2017-ல் பெய்ஜிங்குக்கு அமெரிக்கத் தூதராகவே போனார். இரண்டு மாநிலங்களின் பழக்கம் இதைவிட உயரமாக ஏற முடியாது. அப்படியும் 2018 ஜூலையில் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அடி வாங்கியவர்களில் ஐயோவா விவசாயியும் ஒருவர்.

ஆக, தேநீர் வரியைத் தடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியை ஏற்றவோ இறக்கவோ எந்த நகராட்சிக்கு அதிகாரம் இருக்கிறது? வாஷிங்டனும் பெய்ஜிங்கும் போட்டுக்கொள்ளும் சண்டையை மஸ்கடீன் தீர்க்கவில்லை என்று குறை சொல்வது, முழக்கோலால் அளக்க வேண்டிய துணியைத் தராசில் வைத்து எடை போதவில்லை என்பது போல. இந்தத் தவறான அளவைக்கு வழிவகுத்ததில் ஆதரவாளர்களுக்கும் பங்கு உண்டு. உலக அமைதி என்று மேடையில் முழங்கிவிட்டால், அடுத்த வர்த்தகச் சண்டையில் கேலிக்கு ஆளாகத்தான் வேண்டும்.

புதன்

அளந்து பார்க்க ஏற்ற இடம் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லேண்ட். 1988 முதல் சூஜோவின் சகோதர நகரம். சூஜோ, தோட்டக் கலைக்குப் பேர்போன ஊர். 2000-ல் போர்ட்லேண்டின் நடுவே ஒரு முழுத் தெருச் சதுக்கத்தை மதிலால் வளைத்து ஒரு சீனத் தோட்டம் திறந்தார்கள். பெயர் லான் சூ; போர்ட்லேண்டில் ஒரு துண்டு, சூஜோவில் ஒரு துண்டு. சூஜோவிலிருந்து 65 கைவினைஞர்கள் வந்து தங்கி வேலை பார்த்தார்கள். தண்ணீர் அரித்து ஓட்டை ஓட்டையாகிப்போன தைஹூ ஏரிக் கற்கள் கப்பலில் வந்தன. செடிகள் வர முடியவில்லை. நோயும் பூச்சியும் கூடவே வந்துவிடும் என்று அவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. அதனால், தடை வருவதற்கு முன்பே சீனாவிலிருந்து வந்து ஒரேகானிலும் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் வளர்ந்துகொண்டிருந்த மரஞ்செடிகளின் வழிவந்தவற்றைத் தேடிப் பிடித்து நட்டார்கள். இந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். எல்லை மூடியிருந்தும் தோட்டம் நிறைந்தது. எப்போதோ வந்து ஊன்றிக்கொண்டவை கைகொடுத்தன. ஒரு சகோதர நகர உறவுக்குப் பலன் இருக்கிறதா என்று கேட்டால், கையெழுத்திட்டவர்கள் பதவி இறங்கிய பிறகும் அங்கே வேலைசெய்ய யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவர், டிக்கெட் கிழிப்பவர், வகுப்பெடுப்பவர் இருந்தால் உறவு இருக்கிறது. இல்லையென்றால் சுவரில் ஒரு சட்டமிட்ட காகிதம் மட்டுமே இருக்கிறது.

வெள்ளி

இரண்டாவது ஆட்சேபம் கனமானது; இரண்டு நாளாக அதோடுதான் மல்லுக்கட்டு. அமெரிக்கப் பக்கம் இந்த உறவைப் பெரும்பாலும் தன்னார்வக் குழுக்கள் நடத்துகின்றன. சீனப் பக்கம் நடத்துவது நகர அரசின் வெளிவிவகார அலுவலகம். அதற்கு மேலே 1954-ல் உருவான நட்புறவுச் சங்கம், அதற்கும் மேலே கட்சி. ஒரு பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை, மறு பக்கம் அரசாங்கம். இந்தச் சாய்வைச் சீனா பயன்படுத்தாமல் இல்லை. ஜப்பானின் நாகோயா நகர மேயர், ஜப்பானியப் படை நடத்திய நான்ஜிங் படுகொலையை மறுத்துப் பேசியதும் 2012-ல் நான்ஜிங் அந்நகரோடு தொடர்பை நிறுத்திவைத்தது. கோபம் நியாயமானதே, ஆனால் உறவு ஒரு கருவி என்பதும் அதில் தெரிந்தது. 2018 செப்டம்பரில் ஐயோவாவின் ‘டெமாய்ன் ரெஜிஸ்டர்’ நாளிதழில் சீன அரசு ஏடான ‘சைனா டெய்லி’ நாலு பக்க விளம்பரம் போட்டது; சோயா வரிச் சண்டைக்கு நடுவே ஷியின் ஐயோவா நட்பும் அதில் இடம்பிடித்தது. 2022 ஜூலையில் அமெரிக்க எதிர்உளவு மையம், மாநில, நகரத் தலைவர்களை எச்சரித்து அறிக்கையே வெளியிட்டது.

எச்சரிக்கை சரி. ‘ஆகவே வெட்டிவிடு’ என்பதுதான் சரியில்லை. வெட்டினால் சீன அரசுக்கு என்ன நஷ்டம்? அதற்குத் தூதரகம் இருக்கிறது, விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. இழப்பு அந்த ஆசிரியைக்கும் அவர் மாணவர்களுக்கும். 2018-19 கல்வியாண்டில் 11,000-க்கும் அதிகமான அமெரிக்க மாணவர்கள் சீனாவில் படித்தார்கள். பெருந்தொற்றுக்குப் பின் அது சில நூறாகச் சுருங்கியது. போட்டியாளனின் மொழி தெரிந்தவர்களைக் குறைத்துக்கொண்டு ஒரு நாடு பாதுகாப்பாகிவிடும் என்ற கணக்கு எனக்குப் புரியவில்லை. செய்ய வேண்டியது வேறு. உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் நகர மன்றம் வெளியிடட்டும். பயணச் செலவை விருந்தாளியே கட்டிக்கொள்ளட்டும். ஓசி டிக்கெட்டில் போனவர் வாயைத் திறந்து பேசுவது கடினம். நகராட்சி வேலைக்குத் தொடர்பில்லாத அரசியல் வாசகம் வந்தால் அடித்துவிடட்டும். வேலைகளைப் பள்ளி, நூலகம், தோட்டம் என்று பிரித்துக் கொடுக்கட்டும். ஒரு மேயரை வளைப்பது எளிது, இருபது வகுப்பறைகளை வளைப்பது எளிதல்ல.

ஞாயிறு

அமெரிக்காவில் டென்வர் நகரத்தின் சகோதர நகரப் பட்டியலில் சீனாவின் குன்மிங் இருக்கிறது. 1984 முதல் நம் சென்னையும் இருக்கிறது. 2015-ல் சீனாவின் சோங்சிங்கும் சென்னையும் சகோதர நகரங்களாயின. 2019-ல் மாமல்லபுரத்தில் மோடியும் ஷியும் சந்தித்தபோது தமிழ்நாட்டையும் ஃபூஜியான் மாகாணத்தையும் இணைப்பதாகப் பேச்சு எழுந்தது. எட்டு மாதத்தில் கல்வான் எல்லை மோதல். தலைவர்களின் சந்திப்பு இங்கேயும் எதையும் தடுக்கவில்லை; பதிலை வகுப்பறையில்தான் தேட வேண்டும். எனவே, இதைப் படிக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது, டென்வர் பெயரிலும் சோங்சிங் பெயரிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.