நன்றி, மீண்டும் வருக!

"கறியை அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி விட்டாப் போதும் மாப்ளே. கவரை ஆடி ஒண்ணாந் தேதியே விட்டுட்டேன்!"

சிவகாசி மாமா போனில் இப்படிச் சொன்னபோது விருதுநகர் ஆபீஸில் நான் டீ குடித்துக் கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது. கவர் என்றால் பிளாஸ்டிக் கவர். அதை விட்டுவிட்டதாகச் சொல்வது யார்? இருபது வருஷம் கேரி பேக் வியாபாரம் செய்து, அதிலேயே இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்த மனுஷன்!

2019 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. மாமாவின் கடை அன்றைக்குப் படுத்ததுதான். "பாலுக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் விலக்கு. என் கேரி பேக்குக்கு மட்டும் விலங்கு!" என்று ஒரு வருஷம் புலம்பினார். அப்புறம் துணிப்பை, காகிதக் கவர் என்று மாறிக் கொண்டார். வருமானம் பாதி, புலம்பல் மட்டும் பழையபடி முழுசு.

அப்படிப்பட்டவர்தான் போன ஆடியில் விரதம் பூண்டார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடும்வரை, ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் எதையும் தொடுவதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அனுபவித்தது அத்தை! பாக்கெட் பால் கூடாது என்றதும் விடியற்காலையில் தூக்குவாளியோடு மாட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்றார். கடையில் பரோட்டா வாங்கினால் சால்னாவுக்கு ஒரு சட்டி தனியாகப் போனது. "பட்டினி விரதம்னா அவரோட போயிடும். இது வீட்டையே இழுத்துட்டுல்ல போகுது!" என்றார் அத்தை.

அமாவாசையன்று லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாக சிவகாசி போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணுக்கெட்டிய வரை கரிசல் காடு. நடுநடுவே பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி. ஒன்று வெடித்தால் பக்கத்து அறையாவது பிழைக்க வேண்டுமே என்கிற கணக்கு.

சிவகாசியில் மாமா ஏறினார். தோளில் மஞ்சப்பை. உள்ளே எவர்சில்வர் சொம்பு, இரண்டு டம்ளர், வாழையிலையில் புளிசாதம். பஸ் குலுங்கும்போதெல்லாம் பாத்திரக் கடையே எங்களோடு பிரயாணம் செய்வதுபோல் சத்தம்!

"மாமா, உங்களை மாதிரி வெளிநாட்டுலயும் இருக்காங்க. யூதர்கள் பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி, புளிச்ச மாவுப் பண்டம் ஒரு துணுக்குகூட வீட்டில இருக்கக் கூடாதுன்னு மூலை முடுக்கெல்லாம் தேடித் துடைப்பாங்க. அதே சாக்குல சில பேர் பிளாஸ்டிக்கையும் தேடித் துடைக்கிறாங்க. 2018-ல இங்கிலாந்து திருச்சபை, தவக்காலத்தில பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லி நாளுக்கொரு யோசனை போட்டு காலண்டரே வெளியிட்டுச்சு."

"அந்தக் காலண்டராவது நம்மூர்ல அச்சடிச்சாங்களா?" என்றார் மாமா. சிவகாசிக்காரர் கவலை சிவகாசிக்காரருக்கு!

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு வந்ததும் பூமியே வேறு. நெல் வயல், தென்னந்தோப்பு, எதிரே சுவர் வைத்த மாதிரி மேற்குத்தொடர்ச்சி மலை. அடிவாரம் தாணிப்பாறை. இந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அதனால் வாசலிலேயே பையைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் கூடாது, தீப்பற்றுகிற பொருளும் கூடாது.

என் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட், ஷாம்பூ பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே வந்தன. மாமா ஜம்பமாக மஞ்சப்பையை நீட்டினார். பிளாஸ்டிக் ஒரு துளிகூட இல்லை. ஆனால் சட்டைப்பையில் தீப்பெட்டி!

"சிவகாசிக்காரன் தீப்பெட்டி இல்லாம கோயிலுக்குப் போறது இதான் முதல் தடவை" என்று வருத்தத்தோடு கொடுத்துவிட்டு வந்தார்.

வழுக்குப்பாறை தாண்டும்போதே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. பாட்டில் கீழே போய்விட்டது. மாமாவின் சொம்புதான் கதி. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டியபடி அவர் சொன்னார்: "வழியில வர்ற பேரெல்லாம் பாரு. அத்தியூத்து, நாவல் ஊத்து... எல்லாம் தண்ணி பேரு. முன்னாடி ஜனங்க ஒரு ஊத்துல குடிச்சுட்டு அடுத்த ஊத்துவரைக்கும் நடந்திருப்பான். நாமதான் பாட்டிலைத் தூக்கிட்டு வந்து, குடிச்சுட்டு, அந்த ஊத்துலயே போட்டோம்."

'நாம' என்று சொன்னதைக் கவனித்தேன். அதுவரை அவர் பேச்சில் 'கவர்மெண்ட்' மட்டும்தான் குற்றவாளி.

சங்கிலிப்பாறை பக்கம் ஓடையோரம் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். மர வேரில் ஏதோ மாட்டியிருந்தது. மாமா குனிந்து இழுத்தார். வரவில்லை. மண்ணைக் கையால் தோண்டி எடுத்தார். பழைய கேரி பேக். வெளுத்துப் போன நீல எழுத்தில், 'நன்றி, மீண்டும் வருக!'

விரலால் தேய்த்துப் பார்த்தார். துணிக்கடைக்காரர் பட்டைத் தடவுவது போலிருந்தது.

"பலசரக்குக் கடைக்குக் கொடுக்கிற சரக்கு. கிலோ கணக்கில வித்திருக்கேன். இது நான் வித்ததோ, வேற எவன் வித்ததோ, யாரு கண்டா?"

"விடுங்க மாமா. தடை வந்தப்புறம் நிறுத்திட்டீங்கல்ல?"

"நான் நிறுத்திட்டேன் மாப்ளே. இது நிறுத்தலையே! மானும் யானையும் இதை வேற தீனின்னு நெனைச்சுத் தின்னா என்ன ஆகும்?"

அதற்கு மேல் பேசவில்லை. ஓடைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, தள்ளி வந்து கவரைக் கழுவினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டார், தீப்பெட்டி இருந்த இடத்தில். தொடுவதில்லை என்ற விரதம் அங்கே முறிந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே கூட்டமான கூட்டம். சற்றே சாய்ந்த லிங்கமாக சுந்தர மகாலிங்கம். மாமா கண்ணை மூடிக் கொண்டு நெடுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நானும் கேட்கவில்லை.

இறங்கி தாணிப்பாறை வந்தபோது முழங்கால் இரண்டும் ராஜினாமா கொடுத்திருந்தன. வாசலருகே மாமா வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுக்க, கூடவே கவரும் வந்து விழுந்தது. அங்கே நின்ற தன்னார்வலர் பையன் பிடித்துக் கொண்டான்.

"என்னங்கய்யா, இவ்வளவு சோதனை பண்றோம், இதை எப்படி மேல கொண்டு போனீங்க?"

மலை முழுக்க பிளாஸ்டிக் இல்லாமல் ஏறிய மனுஷனுக்கு இந்தக் கேள்வி! நான் பொங்கிக் கொண்டு வாயைத் திறந்தேன். மாமா கையமர்த்தினார்.

"நான் கொண்டு போகலை தம்பி. அது எனக்கு முன்னாடியே போயிருச்சு. 'மீண்டும் வருக'ன்னு எழுதிக் கொடுத்தது நாங்கதானே... அதான், போய்க் கூட்டிட்டு வர்றேன்."