வாழவந்தி போய் வந்தேன்

சேந்தமங்கலம்
15.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் பூனையும்தான். ஓசூர்க்காரன் ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறான், மருமகள் பக்கத்திலிருந்து "சாப்ட்டீங்களா அத்தை" என்று குரல் கொடுக்கிறாள். போதும்.

போன வாரம் நீ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் குதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். பாப்பா என்னிடம் இருந்து இங்கேயே படிப்பது, நீங்கள் மூன்று பேர் மட்டும் உகாண்டாவுக்குப் போவது. சின்னவனுக்கு நாலு வயசு, எங்கே போனாலும் ஒட்டிக்கொள்வான். ஐந்தாம் வகுப்புக்காரியின் படிப்பு கெடக் கூடாது. ஊழியத்தில் அலைச்சல் இருக்கும், அத்தை வீடு என்றால் கவலை இல்லை. நீ போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. போனில் பேசியிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. கொல்லிமலைக்குப் போய் வந்தேன். காரவள்ளி தாண்டியதும் கண்டக்டர் எல்லாருக்கும் ஒரு பாலிதீன் பை கொடுத்தார். எழுபது கொண்டை ஊசி வளைவில் முப்பது வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அதற்குமேல் கேட்காதே. சோளக்காட்டில் இறங்கி ஒரு டீயும் அரைப் பலாச்சுளையும் உள்ளே போன பிறகுதான் கண் தெரிந்தது. மலை முழுக்கப் பலாப்பழ வாசனை. சிறுவயதில் நாமும் அப்பாவும் போன அதே வாழவந்திக்குப் போனேன். மிஷனரி பிராண்டு ஐயா, அம்மா இரண்டு பேர் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டுக்குட்டி வந்து என் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

அவர்கள் கதையை நம் சபையில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! உன் வழியனுப்புக் கூட்டத்திலும் ஐயர் அதைத்தான் சொல்லப்போகிறார், பந்தயம் வேண்டுமானால் கட்டுகிறேன். ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் 1913-ல் கல்யாணம் முடித்த கையோடு மழையில் நனைந்து மலை ஏறினார்கள். காய்ச்சல் மலை என்று கீழ்நாட்டுக்காரர்களே அஞ்சின இடம். ஐயா கொஞ்சம் வைத்தியம் படித்திருந்தார். நரம்புச் சிலந்திப் புழு காலில் வெடித்துத் தலை நீட்டினால், அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுப்பார். கிணற்றில் கால் வைத்து இறங்கித் தண்ணீர் மொண்டால்தான் அது பரவுகிறது என்று ஊர் ஊராகச் சொல்லிக் கிணற்றுக்குச் சுவர் கட்ட வைத்தார். (அந்த நோய் நம் நாட்டில் ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்தது 2000-ல்தான்.) 1914-ல் பால் பிறந்தான். பிறகு கானி. இதுவரைக்கும் கதை சரி.

1923-ல் இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஐயாவும் அம்மாவும் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது பாலுக்கு ஒன்பது வயசு. நம் பாப்பா வயசு. லண்டனில் அம்மாவின் சகோதரிகள் வீட்டில் வளர்ந்தார்கள். ஆங்கிலத்தில் எல்லாருமே ஆன்ட்டி. நம் முறையில் பெரியம்மாவும் சித்தியும். மலையில் மரத்தின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, போட்ட தாளைக் கீழே அம்மாவிடம் போடுகிற பையன். பெரியம்மா வீட்டுக் கூடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பான்?

கதை சொல்பவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள், கவனித்திருக்கிறாயா? "பிள்ளைகளைத் தியாகம் பண்ணினார்கள்", அவ்வளவுதான். அடுத்த வரியில் பால் பிராண்டு டாக்டராகி 1946-ல் வேலூருக்கு வந்துவிடுவார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்துவார். சபை அல்லேலூயா சொல்லும். நடுவில் இருக்கிற இருபத்து மூன்று வருஷம் எங்கே போனது?

அதில் ஆறாவது வருஷம், 1929 ஜூன் மாதம், ஐயா மலேரியாவால் வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். வயசு நாற்பத்து நாலு. சேதி லண்டனுக்குத் தந்தியில் போனது. தந்திக்கு முன்னால் அவர் எழுதிப் போட்ட கடிதம் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகு, பதினாலு வயசு நடக்கிற அந்தப் பையன் கைக்கு அப்பாவின் கடிதம் வந்தது. மலையையும் மரத்தையும் பற்றி எழுதியிருந்தாராம். அப்புறம் அம்மா லண்டன் வந்தபோது, இறங்கி வருகிற அந்த ஒடிந்துபோன சின்ன உருவம்தான் தன் அம்மா என்பதே அவருக்கு உடனே பிடிபடவில்லையாம். பெரியவரான பிறகு அவரே சொன்னது.

நான் எவலின் அம்மாவைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் எல்லா மிஷனரிகளும் அப்படித்தான் செய்தார்கள். நம் சேலத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷன்காரர்களின் பிள்ளைகளுக்கென்றே அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, பெண்பிள்ளைகளுக்கு 1838-ல், பையன்களுக்கு 1842-ல் தொடங்கினார்கள். சீனாவில் பிறந்த எரிக் லிடல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டரில் தங்கம் வாங்கினாரே, ஆறு வயசில் அந்தப் பையன்கள் பள்ளியில் விடப்பட்டவர்தான். கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் பள்ளி தொடங்கினதும் இதே காரணத்துக்காக, பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் மலையிலாவது வைத்துக்கொள்ளலாமே என்று. நம் தமிழ் மிஷனரிகளே வடக்கே போகும்போது பிள்ளைகளை டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வேறு வழி இல்லாதவர்கள் செய்தது, செய்கிறது. அப்போது கொல்லிமலையில் மேற்கொண்டு படிக்கப் பள்ளியும் கிடையாது, காய்ச்சலுக்குக் கொய்னாவைத் தவிர மருந்தும் கிடையாது. வைத்துக்கொண்டால் பிள்ளைகளைக் காய்ச்சல் கொண்டுபோகும், விட்டால் பிரிவு. நீ அப்படிப்பட்ட இடத்திலா நிற்கிறாய்?

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. இன்ஃபுளுயன்சா மலையை வாரிக்கொண்டு போனபோது, அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி சாகிற நேரத்தில் தன் கைக்குழந்தையை அவர்களிடம்தான் ஒப்படைத்தார். ஊரான் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர்கள் தன் பிள்ளைகளை ஊரில் விட்டார்கள். அம்மா முதுமையிலும் மலைகளிலேயே ஊழியம் செய்து, 95 வயசில் 1974-ல் கண் மூடினார். எனக்கு அந்த அம்மாவின் மேல் மரியாதை உண்டு. கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்தபோது மரியாதை குறையவில்லை. ஆனால் கேள்வியும் குறையவில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரியாத கதை.

அப்பா உபதேசியாராக இருந்த ஊரில் பள்ளி மூன்றாம் வகுப்போடு சரி. எட்டு வயசில் என்னை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். எந்த விடுதி என்பது இப்போது எதற்கு? சோறு போட்டார்கள், எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், யாரும் கை நீட்டி அடித்ததில்லை. பச்சைத் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் என் பெயரை அப்பாவே எழுதினார். முதல் எழுத்து பெரிதாகி, கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் ஓரத்தில் மடங்கிப்போனது. அந்த மடங்கின எழுத்தைத் தடவிக்கொண்டேதான் ராத்திரி தூங்குவேன். விடுதியில் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டும். எழுந்திருக்க, வெளியே போக, தண்ணீர் குடிக்க.

முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். நான் பானைக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்று, "அம்மா, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டேன்.

அம்மா சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். ரொம்ப நேரம் வரவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன், ஏனென்றால் அனுமதி கிடைக்கவில்லை.

நீ பிறந்த சேதி எனக்குக் கார்டில்தான் வந்தது, நாலு நாள் கழித்து. தம்பி பிறந்திருக்கிறான், நன்றாகப் படி என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கார்டைக் கணக்குப் புத்தகத்தில் வைத்திருந்தேன். உன்னை முதல்முதலாகத் தூக்கியபோது உனக்கு ஐந்து மாசம். அழுதாய். யாரோ தூக்குகிறார்கள் என்று அழுதாய், கண்ணு. தப்பில்லை.

படிப்பு எனக்குக் கெடவில்லை. டீச்சர் ஆனேன், முப்பது வருஷமாகப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். சோறு கிடைத்ததா, மார்க் வந்ததா என்று பார்த்தால் நான் நன்றாக வந்த பிள்ளைதான். அதையே சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன், பெண்கள் கூடுகையில், மைக் பிடித்து. பானைப் பக்கத்தில் நின்றதை மட்டும் சொன்னதில்லை.

பால் பிராண்டு திரும்பி வந்தாரே என்பாய். என் புத்திக்கு எட்டினதைச் சொல்கிறேன். லண்டனில் விட்டதால் அவர் வரவில்லை, மலையில் ஒன்பது வருஷம் இருந்ததால் வந்தார். அப்பா குச்சியில் புழு சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். தொழுநோய் கண்ட மூன்று பேர் வாசலுக்கு வந்தபோது அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்ணுக்கு மருந்து கட்டியதைப் பார்த்தவர். அவர் கையில் ஊழியம் வந்தது அப்படி. சின்னவன் மட்டும் அதைப் பார்க்கட்டும், பாப்பா இங்கிருந்து வாட்ஸ்அப்பில் பார்க்கட்டும் என்றால் எப்படி?

அதனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. இதுதான் பதில்.

படிப்பைப் பற்றிப் பயப்படாதே. உகாண்டாவில் ஆட்சிமொழி ஆங்கிலம், பள்ளிக்கூடமும் அதில்தான். தமிழ் எழுதப் படிக்க நான் கற்றுக்கொடுக்கிறேன். வாரம் ஒரு பக்கம் எனக்கு எழுதச் சொல், ளகர ழகரத்தைத் திருத்தி அனுப்புகிறேன். கம்பாலா ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கொல்லிமலை மாதிரியே. நாமக்கல் வெயிலுக்கு அது எவ்வளவோ மேல். மரவள்ளிக் கிழங்கு உண்டு, வாழைக்காயை அவித்து மசித்துச் சாப்பிடுவார்கள், பலாப்பழமும் உண்டு. பாப்பா பலாவுக்கு உயிரை விடுவாளே, மரத்தைப் பார்த்தால் பாதி ஊர் ஆகிவிடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளே ஆப்பிரிக்காவுக்குப் போய் போர் போடுகின்றன என்கிறார்கள், உனக்கு முன்னால் நம்மூர்க்காரன் எவனாவது அங்கே தமிழில் திட்டிக்கொண்டிருப்பான்.

நான்கு பேருக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்னால் போட்டிருந்தால்தான் ஊசிக்குக் கொடுக்கிற மஞ்சள் அட்டை செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதே. மலேரியா அங்கே உண்டு. டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கு, கொசுவலை நாலு எடுத்துப் போ. இந்தக் காரியத்தில் மட்டும் விசுவாசம் போதும் என்று உட்காராதே. பிராண்டு ஐயாவும் விசுவாசிதான்.

உன் வீட்டுக்காரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ கேட்டபோது அவள் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது கேட்டது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நீ கேட்ட மறுநாளே சேலம் போய் பாப்பாவுக்கு ஒரு படிப்பு மேசை வாங்கிவிட்டேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், பூனை ஏறிப் படுத்துக்கொள்கிறது. விடைத்தாள் திருத்த எனக்கும் ஒன்று வேண்டியதுதான்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: மலையிலிருந்து மிளகு அரைக் கிலோ வாங்கி வந்தேன். போன மாசம் பெய்த மழையில் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது, காயவைத்து உன்னிடம் தருகிறேன். பெட்டியில் போடும்போது துணிக்கு நடுவில் வை.