ஒண்ணரை அடி மேடை

எங்கம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. இனிமேல் தரையில் குந்தி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எங்கள் காலனி வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு வெங்காயம் அரிய ஒரு சாண் இடம் கிடையாது.

தொகுப்பு வீடு. அடுப்படி ஆறடிக்கு ஐந்தடி. புகையில்லா அடுப்பு என்று மூலையில் ஒரு திண்டு கட்டிக் கொடுத்தார்கள். அது புகைந்துகொண்டேதான் இருந்தது. 2006இல் வந்த தி.மு.க. ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்தபோது அந்தத் திண்டின் மேல் அது ஏறியது. சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கணும், வேறு வழியில்லை. 2011இல் வந்த அ.தி.மு.க. ஆட்சி மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. மிச்சமிருந்த இடத்தை மிக்சி பிடித்துக்கொண்டது. கிரைண்டர் தரையில். அம்மாவும் தரையில், அருவாமனைக்கு முன்னால். இந்த வீட்டை வரைந்தவர், சேரிக்காரி எங்கே வேண்டுமானாலும் குந்திக்கொள்வாள் என்று நினைத்திருப்பார் போல.

நான் மட்டும் என்ன? பெண் விடுதலை பற்றி ஊர் ஊராகப் பேசிவிட்டு ராத்திரி வந்து உட்காருவேன். அம்மா தரையில் கையூன்றி எழுந்து சோறு போடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் எழ முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிச்சு: "ஊரெல்லாம் மேட போட்டுப் பேசுறியே, எனக்கு இந்த வூட்டுல ஒண்ணரை அடி மேட போட்டுக் குடேன்டா."

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை.

மறுவாரம் கொத்தனார் மாமாவைக் கூட்டிவந்தேன். அவர் சுவரை அளக்கவில்லை. "அக்கா, நேரா நில்லு, கைய மடக்கு" என்றார். முழங்கைக்கு அரைச் சாண் கீழே சுவரில் கரியால் கோடு போட்டார். அம்மா குள்ளம். டவுன் வீட்டு உயரத்துக்கு வைத்தால் தோள்பட்டை வலிக்குமாம். நாலடி நீளத்தில், ஒண்ணரை அடி அகலத்தில் கடப்பா கல். சுவரில் காடி வெட்டிச் சொருகி, முன்பக்கம் செங்கல் கால் கொடுத்தார். கீழே கதவு போட்டு அடைக்கலாமா என்றேன். "கூடாது மாப்ள, கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா தரையோட தேங்கி நிக்கும்" என்றார். மிக்சிக்குத் தனியாகச் சுவரில் பலகை. வாசக்கால் பக்கம் கீல் வைத்த ஒரு பலகை, வேண்டும்போது தூக்கிக்கொள்ளலாம்.

காடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், ஆண்டை வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று கேட்டேன். அங்கே இருபது வருசம் நெல் குத்தி, பயறு உடைத்து, புளி தட்டிக் கொடுத்திருக்கிறது.

"யாரு பாத்தா? கொல்லையில குந்திச் செய்யறதுதான். மொறத்த வாசப்படில வெச்சுட்டு தள்ளி நிக்கணும். தண்ணி தெளிச்சு எடுத்துட்டுப் போவாங்க."

இந்த முழங்கால் எங்கே தேய்ந்தது என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் அன்றுவரை கேட்டதில்லை.

பூச்சு காய நாலு நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி ஒரு கிலோ வாங்கிவந்தேன். அப்போதுதான் புத்தியில் பட்டது: அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டுதானே அரிய முடியும்? மேடைக்குக் கத்திதான் வேண்டும். அம்மாவுக்குக் கத்தி பழக்கமில்லை. ரெண்டு துண்டு அரிந்து பார்த்துவிட்டு என் கையில் கொடுத்துவிட்டது.

"நீ அரி. நான் மசாலா கூட்டுறேன்."

மேடைக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றது. இந்தப் பக்கம் நான். என் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தது.

"இது வேவாதுடா. இன்னும் சின்னதா."