பழைய மோட்டார் சைக்கிள்

என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, அலமாரி நிறைந்த தமிழ் நூல்கள். மற்றொன்று, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பணியினின்று ஓய்வு பெற்றபின், நெடுநாள் உறங்கிக் கிடந்த அவ்வண்டியைச் சிங்காநல்லூரில் உள்ள பட்டறை ஒன்றில் ஒப்புவித்தேன். பட்டறைக்காரர் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்றவர். அவர் சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் பொருத்தி, வால்வுகளைத் தேய்த்துப் பதித்துத் தந்தார். வண்டி சூலூரில் உள்ள என் இல்லம் வரை இனிதே ஓடிற்று.

இரண்டு திங்கள் கழிந்தன. ஒருநாள் காலை கிக்கரை மிதித்தேன். முன்பெல்லாம் காலை எதிர்த்து நின்ற அது, அன்று தடையின்றிக் கீழே இறங்கிற்று. எஞ்சின் உயிர் பெறவில்லை. எனக்குச் சினம் மூண்டது. வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குச் சென்று, "தம்பி, பிஸ்டனைச் சரியாகப் பொருத்தாமல் என்னை ஏமாற்றிவிட்டாயே!" என்று பலர் முன்னிலையில் கடிந்துரைத்தேன்.

அவர் முகம் வாடிற்று. ஆயினும், "ஐயா, அமருங்கள், பார்ப்போம்" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அழுத்தமானியால் அளந்தார். அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார்.

மாணவர்களே! பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து நெருக்கினாலன்றி எஞ்சின் இயங்காது. அந்நெருக்கம் ரிங்குகளின் ஓரமாகவோ, வால்வுகளின் வழியாகவோ, தலைப்பகுதியின் கீழுள்ள காஸ்கட் வழியாகவோ கசியக்கூடும். எண்ணெய், ரிங்குகளின் ஓரத்தைச் சிறிது நேரம் அடைக்கும். அப்போது அழுத்தம் உயர்ந்தால் குற்றம் அங்கே; உயராவிடின் வேறிடத்தே. அன்று அழுத்தம் உயரவில்லை.

பின்னர், இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, அவற்றை உந்தும் தண்டுகளை விரலாற் சுழற்றினார். ஒன்று சுழன்றது, புகை வெளியேறும் வால்வின் தண்டு அசையவில்லை. "ஐயா, இந்த டாப்பெட்டை எவரேனும் இறுக்கினார்களா?" என்று மெல்ல வினவினார்.

யான் தலைகுனிந்தேன். முந்திய வாரம், எஞ்சினில் எழுந்த 'டிக் டிக்' ஒலியை அடக்கக் கருதித் திருகை இறுக்கியவன் யானே! அங்கே மிகச் சிறிய இடைவெளி இன்றேல் வால்வு முழுதும் மூடாது என்பதை யான் அறிந்திலேன். அவர் திருகைத் தளர்த்தி, அளவு பார்த்து நிறுத்தினார். ஒரே மிதியில் எஞ்சின் முழங்கிற்று. எவர் முன்னிலையில் அவரைக் கடிந்தேனோ, அவர்கள் முன்னிலையிலேயே, "தம்பி, பிழை என்னுடையது" என்றேன்.

சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்றார். அத்தகைய பொறுமையை அன்று அப்பட்டறையிற் கண்டேன். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அதனைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் யான் கற்பித்தேன். அதன் பொருளை என் மாணவரிடம் கற்றேன்.