தம்புள்ளைக் குகையும் நிலகமத் தூரிகையும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் தம்புள்ளையில் தேநீருக்கு நிற்கும். பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் மரக்கறி லொறிகள் வீதியோரம் வரிசை கட்டி நிற்கும். கோவாவும் லீக்ஸும் மணக்கும். பத்து நிமிடத்தில் பஸ் புறப்பட்டுவிடும். எத்தனையோ முறை அந்தப் பத்து நிமிடத்தோடு தம்புள்ளையைக் கடந்திருக்கிறேன். இம்முறை பையோடு இறங்கிவிட்டேன். அரசர்களின் கதை கேட்க வரவில்லை. அந்தக் குகைகளைத் தீட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வந்தேன்.

சமவெளியிலிருந்து சுமார் 160 மீற்றர் எழுந்து நிற்கும் பாறை அது. விடியற்காலையில் ஏறிவிடுவது நல்லது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வெயில் ஏறிவிட்டால் கருங்கல் முற்றத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. குகைகளுக்கு மேலே பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்த ஏற்பாடு. முகப்பில் தெரியும் வெள்ளை வளைவுகளோ 1938இல் கட்டப்பட்டவை.

உள்ளே ஐந்து குகைகள். 153 புத்தர் சிலைகள், 3 அரசர் சிலைகள், 4 தெய்வச் சிலைகள், சுமார் 2,100 சதுர மீற்றர் ஓவியம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் இந்தச் செல்வத்துக்காகத்தான். இங்கே அடைக்கலம் புகுந்த வலகம்பா மன்னன் பெயரும், சிலைகளுக்குப் பொன் பூசிய நிசங்க மல்லன் பெயரும் வழிகாட்டிகளின் வாயில் தயாராக இருக்கின்றன. தூரிகை பிடித்தவர்களின் பெயர் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

இரண்டாவது குகையில்தான் வெகுநேரம் நின்றேன். ஏறக்குறைய 50 மீற்றர் நீளமான மண்டபம். கூரை சமதளம் அல்ல. பாறை தன்போக்கில் புடைத்தும் குழிந்தும் கிடக்கிறது. அதை யாரும் செதுக்கிச் சமப்படுத்தவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் அதனதன் வளைவுக்கே கோட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழே நின்று பார்க்கும்போது காற்றில் உப்பிய பூவேலைத் துணியை விதானமாகக் கட்டியதுபோல் இருக்கிறது. மாரனின் படை புத்தரை வளைத்து நிற்கும் பெரிய காட்சி ஒரு பக்கம், முதல் உபதேசத்தைக் கேட்கத் தேவர்கள் கூடியிருக்கும் காட்சி இன்னொரு பக்கம். நடுவே வரிசை வரிசையாக அமர்ந்த புத்தர்கள். தூரத்தில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தோன்றும். அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் இமைக்கோடு ஒன்றில் சற்றுத் தாழ்ந்திருக்கிறது, இன்னொன்றில் உதடு கொஞ்சம் தடித்திருக்கிறது. கழுத்து வலிக்க வலிக்கச் சாரத்தில் கிடந்து வரைந்த மனிதனை அந்தச் சிறு பிசகுகளில்தான் சந்திக்க முடிகிறது.

சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் தமிழ் மன்னன் எல்லாளனும் மோதும் காட்சியும் இதே குகையில் இருக்கிறது. தமிழர் பலரின் கண் அங்கேயே நிலைத்துவிடும். ஆனால் இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதியைத் தீட்டச் செய்தவன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். இதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். மூன்றாவது குகையில் அவனுடைய சிலையே நிற்கிறது.

தீட்டியவர்கள் மாத்தளைப் பகுதியின் நிலகம என்ற ஊரைச் சேர்ந்த பரம்பரை ஓவியர்கள். சிங்களத்தில் இவர்களைச் சித்தர என்பார்கள். நம்முடைய சித்திரகாரர் என்ற சொல்லேதான். அவர்களில் நிலகம பட்டபெந்த என்ற ஓவியரின் பெயர் கண்டிக்கு அருகே உள்ள தெகல்தொருவ குகை விகாரையிலும் வருகிறது. அங்கே தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே, கொஸ்வத்தே ஹித்தரநைதே ஆகியோரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சில்வத்தென்ன ஒரு துறவி. துறவியும் குடியானவனும் ஒரே சுவரில் கைவைத்த காலம் அது.

இவர்களுக்குக் கூலி காசாக வரவில்லை, காணியாக வந்தது. வயலை உழுது உண்ணலாம். பதிலுக்குக் கோயிலில் வரைய வேண்டும், பழுதானதைத் திருத்த வேண்டும். அப்பனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன். தூரிகையும் வயலும் சேர்ந்தே கைமாறின. என்னைக் கேட்டால், தம்புள்ளை ஓவியம் இத்தனை காலம் நின்றதற்கு அரசனின் பக்தியைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய காரணம்.

வண்ணங்களில் சில சுற்றுக்காட்டிலிருந்தே வந்தன. பாறைமேல் களிமண் பூச்சு, அதன்மேல் வெண்களிமண் பூசிக் காயவைத்த வெள்ளைத் தளம். காய்ந்த தளத்தில்தான் வரைவார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம். சிங்களத்திலும் அது சாதிலிங்கம்தான். மஞ்சளுக்கு அரிதாரம், அல்லது கொகட்டு மரத்தின் பால். நீலத்துக்கு அவுரி. கறுப்புக்கு விளக்குக் கரி. எல்லாவற்றையும் சுவரில் பிடித்து நிறுத்துவது விளாம்பிசின். தூரிகைக்கு ஒருவகைப் புல், அணில் வால் மயிர். தடித்த பூச்சுக்குத் தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கிக்கொள்வார்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்வந்த தமிழருக்கு இந்தப் பட்டியலில் பாதி வீட்டுச் சொல்.

இந்த விபரங்களைக் கைவினைஞர்களிடமே கேட்டு எழுதிவைத்தவரும் ஒரு தமிழர்தான். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கனிமங்களை ஆராயும் அதிகாரியாக ஊர் ஊராக அலைந்தவர், கல்லைத் தேடிப்போன இடத்தில் கலைஞர்களைக் கண்டார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுங்கள் என்று 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 425 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. பிசின் எது, புல் எது என்பதெல்லாம் அந்த நூலில் இருப்பதால்தான் இன்று நம்மால் பேச முடிகிறது.

அவர் வரும்போதே அந்த உலகம் தேய்ந்துகொண்டிருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதோடு அரசனின் ஆதரவு நின்றது. 1870இல் வந்த சேவைக் காணிச் சட்டம், ஊழியத்துக்குப் பதிலாகக் கோயிலுக்குப் பணம் கட்டிவிடலாம் என்று வழி திறந்தது. குடியானவனுக்கு அது விடுதலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணிக்கும் தூரிகைக்கும் இருந்த முடிச்சு அத்தோடு தளர்ந்தது. ஐந்தாவது குகை 1915இல் புதிதாகத் தீட்டப்பட்டது. இரண்டாவது குகையைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவருக்கு வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாத்தளை மாவட்டத்தில் பரம்பரைக் கை முற்றாக ஓய்ந்துவிடவில்லை. ஹப்புவிதவில் அரக்கு வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி, நிறம் சேர்த்து, இழுத்து இழுத்து நூலாக்குகிறார்கள். அந்த நூலைத் தடிமேல் சுற்றிப் பெருவிரல் நகத்தால் நறுக்கிக் கோலம் பதிப்பதால் அதற்கு நகவேலை என்றே பெயர். அரக்கு இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும், அழித்துத் திருத்த இடமில்லை. ஒரு விசிறிக் காம்பை வாங்கி விரலால் தடவிப் பாருங்கள், நகம் பட்ட இடம் தெரியும்.

பரம்பரை எதுவும் இல்லாமல் தம்புள்ளைக்கு வந்து வேர்விட்ட கலைஞர் ஒருவரும் இருந்தார். லக்கி சேனாநாயக்க, 1937இல் பிறந்தவர். ஓவியக் கல்லூரிப் படிப்பு இல்லை; கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்து வளர்ந்தவர். 1979இல் வெளிவந்த பறவை, விலங்கு, செடிகொடி அச்சிட்ட ரூபாய் நோட்டுகளை வரைந்தது அவர்தான். நம் வீட்டு அலுமாரிகளில் அவருடைய ஓவியம் மடிந்து கிடந்திருக்கிறது, நாம்தான் அறியவில்லை. தம்புள்ளையில் தியபுபுல என்ற நீரூற்று நிலத்தில் மரங்களை வளர்த்து, அவற்றின் நடுவே வாழ்ந்து, வரைந்து, 2021இல் காலமானார். 1994இல் திறக்கப்பட்ட கந்தளமை ஹோட்டலின் படிக்கட்டில் சிறகு விரித்து நிற்கும் பெரிய உலோக ஆந்தை அவருடையது. நிலகமத்தாரைப்போல அவருக்கும் கையில் வேலை ஓடியது, சுற்றியிருந்த காடு ஊட்டியதால்தான்.

நம் பாடசாலைகளிலிருந்து சுற்றுலா பஸ்கள் தம்புள்ளைக்கு வருகின்றன. அழைத்துவரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வலகம்பாவையும் நிசங்க மல்லனையும் சொல்லும்போது நிலகமத்தையும் சொல்லுங்கள். சாதிலிங்கம் என்ற சொல்லைச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒன்றாகவே உச்சரிக்கும் என்பதைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கை சுவரில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். விளாம்பிசினில் ஒட்டி நிற்கும் வண்ணம் அது, வியர்வை பட்டால் போய்விடும்.